குறுக்கே வெட்டிய குழி

வெர்ஜில் மாமா புல்தரையை மண்வெட்டியால் நீளவாக்கில் கீறி முடித்திருந்தார். காபி பிளாஸ்க்கோடு மேடேறி வந்த ரோண்டா மூச்சு வாங்க நின்றாள்.

"அப்படி இல்ல மாமா. குறுக்க வெட்டணும்."

"என்னது?"

"அம்மாவோட கால் கிழக்க வேணாம். வடக்க வரணும். சுரங்கத்தைப் பார்த்து."

மாமா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தார். இந்தக் கென்டக்கி மலைமுகட்டில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் குழி வெட்டியவர் அவர்தான். நேற்று இறந்துபோன ரோண்டாவின் அம்மா ஓப்பல், அவருடைய அக்கா. இங்கே எல்லோரும் கிழக்கே கால்நீட்டித்தான் படுத்திருக்கிறார்கள். கடைசி நாளில் கர்த்தர் கிழக்கிலிருந்து வருவார். எக்காளம் ஊதியதும் எழுந்து உட்கார்ந்தால் நேரே அவர் முகம். இதில் சந்தேகம் கேட்டவர்கள் அதிகம் இல்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும் கிழக்கே பார்த்துத்தான் படுத்திருக்கிறார்கள்.

"ஓப்பலா இப்படிச் சொன்னா?"

"ஆமா. நினைவு தெளிவா இருக்கறப்பதான் சொன்னாங்க. சத்தியமும் வாங்கிக்கிட்டாங்க."

எதிர்மலை நிலக்கரிச் சுரங்கத்தில் கூரை இடிந்தபோது ரோண்டாவின் தம்பி டேரல் உள்ளே இருந்தான். தீ பரவியதும் சுரங்க வாயை அடைத்துவிட்டார்கள். அவன் உடல் வெளியே வரவே இல்லை. அதற்குப் பிறகு ஓப்பல் பாத்திரம் கழுவியதெல்லாம் சமையலறை ஜன்னல் வழியே அந்த மலையைப் பார்த்தபடிதான். கடைசி நாளில் மலை பிளந்து அவன் வருவான் என்பதில் அவளுக்குத் துளி சந்தேகம் இல்லை. கரி அப்பிய முகத்தோடு வருவானே, கழுவ யார் தண்ணீர் எடுத்துக்கொடுப்பார்கள் என்பதுதான் கவலை.

ரோண்டாவுக்கு அந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, நாக்கடியில் மருந்துச் சொட்டு விட்டு, மூச்சு நிற்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். செத்தது செத்ததுதான்.

"எல்லாரும் கர்த்தரைப் பார்க்கட்டும். நான் முதல்ல என் பிள்ளையைப் பார்க்கணும்," என்று படுக்கையில் கிடந்தபோது சொல்லியிருந்தாள் அம்மா. விரிப்பை மாற்றிக்கொண்டிருந்த ரோண்டா சரி என்றாள். பிள்ளை என்றால் அந்த வீட்டில் ஒருத்தன்தான். அது அவளுக்குப் பழகிப்போயிருந்தது, இருந்தாலும் வலித்தது.

மாமாவின் மனைவி ஜெனீவா அத்தை பூக்கூடையைப் பொத்தென்று கீழே வைத்தாள். "அடியே, தூக்குல தொங்கினவனையும் கொலைகாரனையும்தான் குறுக்க புதைப்பாங்க. உங்கம்மா ஆயுசு முழுக்க சர்ச்சுல முன் பெஞ்சுல உட்கார்ந்தவடி. ஊர் சிரிக்கும்."

"எழுந்திருக்கப் போறது அவங்கதானே அத்தை? எந்தப் பக்கம் பார்க்கணும்னு அவங்களுக்குத் தெரியும்."

"நக்கலா பண்ற?"

"இல்ல அத்தை. சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல."

மாமா மண்வெட்டிக் காம்பைத் தரையில் போட்டு அளந்தார். திரும்பவும் அளந்தார்.

"ரோண்டா, உங்கப்பாவுக்குப் பக்கத்துல ரெண்டு இடம்தான் இருக்கு. ஒண்ணு ஓப்பலுக்கு, ஒண்ணு உனக்கு. குறுக்க வெட்டினா ரெண்டும் போயிடும். வேலிக்கு அந்தண்டை சரிவு. மத்த பக்கமெல்லாம் ஆள் படுத்தாச்சு."

அவள் இதை யோசிக்கவே இல்லை. அவளுடைய இடத்தில் தலைமாட்டு அடையாளமாக ஓர் ஆற்றுக்கல், ஒரு முழு பேக்கரி ரொட்டி அளவுக்கு, பாதி புதைந்து கிடந்தது.

"அம்மாவுக்கு இது தோணியிருக்காது," என்றாள்.

மாமா தொப்பியைக் கழற்றி, மறுபடி மாட்டிக்கொண்டார்.

"சொல்லுங்க மாமா."

"அந்தக் கல்லைத் தூக்கிட்டு வந்து நட்டதே அவதாம்மா. வருஷா வருஷம் வந்து சுத்தி இருக்கற புல்லைப் பிடுங்குவா. இடம் எவ்வளவுன்னு அவளுக்குத் தெரியும்."

அத்தை மெதுவாக வந்து ரோண்டாவின் முழங்கையைப் பிடித்தாள். "வேணாம்டி கண்ணு. கிழக்கயே வச்சிடலாம். செத்தவளுக்குத் தெரியவா போகுது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரோண்டா பிளாஸ்க்கைத் திறந்து மாமாவுக்குக் காபி ஊற்றினாள். "குடிச்சிட்டு வெட்டுங்க மாமா. குறுக்க."

பிற்பகலில் பெட்டியை இறக்கினார்கள். போதகர் கிளைட் பழக்கத்தில் கிழக்கே போய் நின்றவர், குழியைப் பார்த்துத் தயங்கி, இடம் மாறி நின்றார். கூட்டம் குசுகுசுத்தது. "அந்த நாள்ல குடும்பம் குடும்பமா எழும்புவோம். ஒருத்தரும் விட்டுப்போக மாட்டாங்க," என்றார் போதகர். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ரோண்டா மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிக்கை இருந்திருந்தால் கர்த்தரிடம் கோபித்துக்கொள்ளவாவது செய்திருக்கலாம். வரப்போகாத ஒரு நாளில்கூட அம்மா தன் பக்கம் திரும்பமாட்டாள் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவித்த பீன்ஸும் பன்றிக்கறியும் காத்திருக்கும் சர்ச்சுக்கு எல்லோரும் இறங்கிப் போனார்கள். மாமா பிடுங்கிய ஆற்றுக்கல் வேலியோரம் சாய்ந்து கிடந்தது. ரோண்டா அதைத் தூக்கி, வயிற்றோடு அணைத்துக் கீழே கொண்டுவந்து, டாக்டரிடம் போகும்போதெல்லாம் அம்மா உட்கார்ந்துவந்த வண்டி முன்சீட்டில் வைத்தாள்.

வண்டியைக் கிளப்பியதும் பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்க ஆரம்பித்தது. யாரோ உட்கார்ந்திருப்பதாக வண்டிக்கு நினைப்பு. தானாக நிற்கும் என்று கொஞ்சம் பார்த்தாள். நிற்கவில்லை. எட்டி, பெல்ட்டை இழுத்து, கல்லின் குறுக்கே மாட்டினாள்.