கோணல் வளையங்கள்

அட்டைப்பெட்டிக் கம்பெனியில் தரம் பார்க்கிறவருக்கு ஸ்கேல் என்று பட்டப்பெயர். சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு எஃகு ஸ்கேல் செருகியிருப்பார். கல்யாணப் போட்டோவிலும் அது தெரிகிறது, மணப்பெண்ணைவிடத் தெளிவாக.

ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு வீட்டை அலங்கரிக்கக் கடையில் எதையும் வாங்கக்கூடாது என்பது அவர் வீட்டுச் சட்டம். சாப்பாட்டு மேசையில் கலர்த்தாள், கத்திரி, பசைக்கிண்ணம் எல்லாம் பரப்பி, நாலு பேரும் உட்கார்ந்து காகித வளையங்களைக் கோத்துச் சங்கிலி செய்வார்கள். அவர், மனைவி, மகள் போக நாலாவது ஆள் மனைவியின் தம்பி. வேன் ஓட்டுகிறவன். உதவிக்கு வருவதாகச் சொல்லி பிஸ்கட் தின்ன வருவான்.

ஒவ்வொரு தாள்துண்டும் பதினைந்து சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சரியானது இடப்பக்கம், கழிவு வலப்பக்கம். கம்பெனி வழக்கம். மச்சினன் வெட்டியதெல்லாம் வலப்பக்கமே போகும்.

"என்னையும் தூக்கி அந்தப் பக்கமே வச்சிடுங்க மாமா. வீட்டுக்குப் போய்ச் சேர்றேன்."

போன வருஷம், பன்னிரண்டு வயது மகள் முதல்முறையாக ஒரு சங்கிலியைத் தனியாகச் செய்தாள். நாலு நாள் வேலை. ஜன்னலிலிருந்து கதவு வரை தொங்கியது. ஒரு வளையம் வளையல் அளவு, அடுத்தது மோதிர அளவு. மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போயிருந்தாள், அவருக்கு லீவு. கை சும்மா இருக்கவில்லை. அத்தனையையும் பிரித்து, அதே நிறப் புதுத்தாள்களை அதே வரிசையில், பதினைந்து பதினைந்தாக வெட்டி ஒட்டி, அதே ஆணியில் மாட்டினார். பிள்ளைக்கு ஒத்தாசை செய்ததாகத்தான் நினைத்தார்.

அவள் வந்தாள். பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தாள்.

"பழசு எங்கப்பா?"

"குப்பை வண்டி காலையிலேயே வந்துட்டுதும்மா."

"நல்லா இருக்குப்பா."

அவ்வளவுதான். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, ஒரு வருஷம் பத்திரமாக வைத்திருந்தார்.

இந்த வருஷம் சனிக்கிழமை மத்தியானம் அவர் மேசையைத் தயார் செய்துகொண்டிருந்தபோது, மகள் ஒரு கடைப் பாக்கெட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"வாங்கிட்டேன்பா. மெஷின்ல செஞ்சது, எல்லாம் ஒரே அளவு. வேணும்னா அளந்து பாருங்க."

குத்தல் எதுவும் குரலில் இல்லை. இருந்திருந்தால் திட்டியாவது தொலைத்திருக்கலாம். அவள் அறைக்குள் போய்விட்டாள். பழகிய கை, அவரைக் கேட்காமலே ஸ்கேலை எடுத்து அளந்தது. குறை சொல்ல இடமில்லை.

"கடைசியில உங்களுக்கேத்த ஜோடி கிடைச்சிடுச்சு மாமா. மெஷினு."

"வாயை மூடிட்டு பிஸ்கட்டைத் தின்னுடா" என்ற மனைவி, அவர் பக்கம் திரும்பினாள். "போன வருஷம் நீங்க சங்கிலியைப் பிரிச்ச அன்னிக்கு அவ குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதா. தொட்டித் தண்ணி மொத்தமும் காலி. நீங்க மோட்டார் ரிப்பேர்காரனைக் கூப்பிட்டுத் திட்டினீங்க."

"நீ சொல்லவே இல்லையே."

"சொல்லியிருக்கணும். என் தப்புதான்."

ரிப்பேர்காரர் மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை என்று தலையிலடித்துக்கொண்டு சொன்னது அவருக்கு ஞாபகம் வந்தது.

கத்திரியை எடுத்தார். அளக்காமல், வேண்டுமென்றே கோணலாக, ஐந்து துண்டு வெட்டினார். ஐந்தும் பதினைந்தாகவே வந்தன. இருபது வருஷக் கை.

"கண்ணை மூடிக்கிட்டு வெட்டிப் பாருங்க மாமா."

மூடிக்கொண்டு வெட்டினார். மேசைவிரிப்பு வெட்டுப்பட்டது, அதுவும் நேராக.

எழுந்து போய் மகளின் அறை வாசலில் நின்றார். "ஒரே ஒரு வளையம் வந்து ஒட்டும்மா. நீ அன்னிக்குச் செஞ்ச மாதிரி."

கூப்பிட்டதும் வந்தாள். சொன்ன பேச்சு கேட்கிற பெண். அதுவே அவருக்கு என்னமோ போலிருந்தது. மேசையில் உட்கார்ந்து சிவப்புத்தாளை எடுத்தாள்.

"எவ்வளவுப்பா?"

"உன் இஷ்டம்."

கத்திரி நகரவில்லை. "சொல்லுங்கப்பா."

"பிரிக்க மாட்டேம்மா. சத்தியமா."

"தெரியும்பா." அவள் நம்பினாள், முகத்திலேயே தெரிந்தது. "ஆனா அளவு சொல்லலைன்னா எனக்கு எங்க வெட்டுறதுன்னே தெரியல."

மச்சினன் மெல்லுவதை நிறுத்தினான். ஏதாவது சொல்லாவிட்டால் எழுந்து போய்விடுவாள் என்று அவருக்குப் பயமாக இருந்தது.

"பதினொண்ணு" என்றார்.

அவள் ஸ்கேலை வாங்கி, பென்சிலால் கோடு போட்டு, பிசிறில்லாமல் வெட்டினாள். பதினொன்றேதான்.

"அடுத்தது?"

"எட்டு."

எட்டு. பிறகு பதின்மூன்று. பிறகு ஆறரை. மனைவி பசை தடவினாள், மச்சினன் கோத்தான். பெரிதும் சிறிதுமாகச் சங்கிலி நீண்டுகொண்டே போனது. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குழந்தை கைவேலை என்றுதான் தோன்றும்.

"அடுத்ததுப்பா?"

பென்சிலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சங்கிலி இன்னும் ஜன்னலைக்கூடத் தாண்டவில்லை. அவருக்கு அதற்குள் எண்கள் தீர்ந்துகொண்டிருந்தன.