ஏழு தரம் கழுவிய உரல்

ஈயம் படிந்த ஊர் மண்ணைச் சுரண்டி அள்ள வந்தவர்கள் என் உரலையும் கேட்டார்கள். தங்கக் கல்லை வீட்டிலேயே இடித்தவர்கள் உரல், உலக்கை, சல்லடை எல்லாவற்றையும் ஒப்படைக்க வேண்டுமாம். அந்தக் கல்லில் ஈயம் இருக்கிறதாம், அது பிள்ளைகளின் மூளையில் போய் உட்காருமாம். நானும் கல் இடித்தவள்தான், ஆனால் அந்த மர உரல் என் அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்தது. யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துவிட நான் என்ன பைத்தியமா? தானியக் குதிருக்கு அடியில் சாக்கைப் போட்டு மூடி வைத்தேன்.

அவர்கள் போனதும் மண் போட்டு ஏழு தரம் கழுவினேன். நாய் வாய் வைத்த பாத்திரத்துக்கே எங்கள் மார்க்கத்தில் ஏழு தரம்தான் கணக்கு. ஈயம் நாயைவிடப் பெரிதா என்று நினைத்தேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. என் கணவர் இல்லியாசுவின் இளைய மனைவி லாரைக்கு ஒரே மகள், ஜுமை. நான்கு வயது. போன மழைக்கு முன்பு வாயாடி. பிறகு வலிப்பு வந்தது, பேச்சு நின்றது. மருத்துவ முகாமில் மருந்து கொடுத்தார்கள். ரத்தத்தில் ஈயத்தின் அளவு குறைந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

அப்போதுதான் நர்ஸ் அசாபே முருங்கை இலையைப் பற்றிச் சொன்னாள்.

"எலிக்குக் குடுத்துப் பார்த்திருக்காங்க. ஈயம் மூளையைக் கெடுக்கிறது குறைஞ்சிருக்காம். மனுஷங்களுக்கு எப்படின்னு இன்னும் சரியாத் தெரியாது. ஆனா நல்ல சாப்பாடு, குடுங்க. மருந்தை மட்டும் நிறுத்திடாதீங்க."

"எங்க வீட்டு எலிக்கெல்லாம் மூளை நல்லாத்தான் இருக்கு, என் பருப்புப் பானை எங்கன்னு கரெக்டாத் தெரியும்" என்றேன். லாரைகூடச் சிரித்தாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவள் அவள்.

முற்றத்து முருங்கையைப் பறித்து, நிழலில் காயவைத்து, என் அறைக்குள் அந்த உரலில் இடித்தேன். தூளைக் கம்பங்கூழில் கலக்கிக் கொடுத்தேன். உலக்கைச் சத்தம் கேட்டாலே ஜுமை கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவருவாள். பத்தாம் நாள் கிண்ணத்தை நீட்டி, "கூழு" என்றாள்.

லாரை ஓடிவந்து என் கையைப் பிடித்து அழுதாள். "அக்கா" என்றாள். ஆறு வருடத்தில் முதல் தடவை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு பிடி அதிகமாகவே போட்டேன்.

மாதக் கடைசியில் வலிப்பு திரும்பி வந்தது. முகாமில் ரத்தம் எடுத்தார்கள். ஈயம் இறங்கவில்லை, ஏறியிருந்தது. அசாபே அன்றைக்கே எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டாள்.

"புதுசா ஏதோ உள்ள போகுது. கம்பை எங்க அரைக்கிறீங்க?"

"தன்லாமி மில்லுல" என்று துள்ளி எழுந்தார் இல்லியாசு. "அந்தத் திருட்டுப்பய ராத்திரியில தங்கக் கல்லு அரைக்கிறான்னு ஊரே சொல்லுது. அவன் கையை முறிக்கிறேன் பாரு!"

"கம்பு மாவை வீட்டுல எல்லாரும்தான் சாப்பிடுறீங்க. குழந்தைக்குன்னு தனியா என்ன குடுக்குறீங்க?"

"முருங்கைத் தூள்தான். அது மில்லுக்கே போகாது" என்றாள் லாரை. "எங்க அக்கா தன் கையால இடிக்கிறா. பெத்த நான்கூட அப்படிப் பார்த்துக்க மாட்டேன். அதுல மட்டும் சந்தேகப்படாதீங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி தன்லாமி மேல் போய்விடும். நாளைக்கும் ஜுமை கிண்ணத்தோடு வருவாள்.

உள்ளே போய் உரலை உருட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினேன்.

"ஏழு தரம் கழுவினேன், லாரை" என்றேன்.

அசாபே குனிந்து உள்ளே பார்த்தாள். அடியில் மர வெடிப்புகளில் சாம்பல் நிறத்தில் ஏதோ அடைந்திருந்தது. விரலால் தொடவில்லை. "ஈயத்தை மரம் குடிச்சிரும்மா. கழுவினா போகாது" என்று மட்டும் சொன்னாள். இல்லியாசு என்னைப் பார்க்காமல் வெளியே போய்விட்டார்.

லாரை திட்டுவாள், அடிப்பாள் என்று காத்திருந்தேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

உரலைக் கண்டதும் ஜுமை கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வாயைத் திறந்து ஏதோ சொல்லப் பார்த்தாள். வார்த்தை வரவில்லை. லாரை கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.