ஒல்லாந்துக் கிழவியும் தோட்டவெளி மாமியும்

அரசாங்கக் கச்சேரிப் பெரிய கிளாக்கர் அமிர்தநாயகத்தார் போக வர ஒரு கிழவியின் முகத்தைத் தன் சால்வை நுனியால் துடைப்பார். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒல்லாந்துக் கிழவி அவள். எந்தக் காலத்திலோ அந்த நாட்டு ஓவியன் ஒருவன் செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை பூசித் தாளில் ஒற்றியெடுத்த அவனுடைய சொந்தத் தாய். உள்ளங்கை அளவுதான். சீமைக்குத் திரும்பிய பழைய துரை விட்டுப்போன சாமான்களோடு வந்து சேர்ந்தாள்.

அமிர்தநாயகத்தாரின் சொந்தத் தாய், தோட்டவெளிக் கிராமத்து மதலேனாள், கழுதைகள் ஒதுங்கும் பின்சாய்ப்பில் கிடந்தாள். வெற்றிலை குதப்பும் வாயும் தொங்கு காதும் முன்வீட்டுக்கு ஆகாதாம். புதிய துரை படம் பார்க்க வருகிறார். அவர் மனம் வைத்தால் முதலியார் பட்டம்.

"இஞ்சேர், துரை போகுமட்டும் கிழவியை வெளியிலை விடாதை."

"எந்தக் கிழவியை? சுவரிலை இருக்கிறவவையோ, சாய்ப்பிலை இருக்கிறவவையோ?" என்றாள் மனைவி றஞ்சிதம்.

துரை வந்தார். தமிழ்ச் சோதனை பாஸ் பண்ணினவர். ஏட்டுத் தமிழை மென்று மென்று பேசினார். குசினித் திரைக்குப் பின்னால் நின்று, இடுக்கால் பார்த்தபடி றஞ்சிதம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒவ்வொரு சுருக்கமும் எத்துணை அன்போடு வரையப்பட்டுள்ளது!"

"சுருக்கமா, துரை அவர்களே? தியாகத்தின் கோடுகள்!" அமிர்தநாயகத்தாரின் குரல் தழுதழுத்தது. 'அவவின்ர மூஞ்சையைப் பார்த்தால் சோறு இறங்காது' என்று காலையில் தாயைப் பற்றிச் சொன்னதும் இதே வாய்தான்.

"உங்கள் தாயார் எங்கே?"

"காலமாகிவிட்டார்." சொல்லும்போது கண்ணில் ஈரமும் வந்தது. சால்வை நுனி மேலே போயிற்று.

பொய்யைக்கூடப் பொறுத்திருப்பாள். அந்த ஈரத்தை றஞ்சிதத்தால் பொறுக்க முடியவில்லை. குசினிக்குள் போனாள். துரைக்கென்று ஆட்டிறைச்சி கொதித்துக்கொண்டிருந்தது. சட்டியை இறக்கிவைத்து, குடத்துத் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்தாள்.

புகையைக் கண்டு மாமி சாய்ப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன மோனை, அடுப்பை அணைச்சுப்போட்டாய்?"

"செத்தவீட்டிலை அடுப்பு எரியிறதோ, மாமி?"

"ஐயோ மாதாவே! ஆர் செத்தது?"

"நீங்கள்தான். உங்கட மகன் இப்பதான் துரைக்குச் சொன்னவர்."

கிழவி வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மற்றக் கன்னத்துக்குத் தள்ளினாள். "அப்ப எனக்கும் சோறில்லையோ?"

"அவரைத்தான் கேளுங்கோ."

கிழவி கேட்கத்தான் போனாள். முன்வீட்டில், படத்துக்கு நேர் கீழே கிடந்த கதிரையில் மூச்சு வாங்க உட்கார்ந்து, தலையைச் சுவரில் சாய்த்தாள். துரை மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"இந்த அம்மையார் யார்?"

"வேலைக்காரி," என்றார் அமிர்தநாயகத்தார்.

றஞ்சிதம் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "செத்துப்போன மாமி, துரை. பசிக்குதெண்டு எழும்பி வந்திருக்கிறா. செத்தவீடு, அடுப்பை அணைச்சாச்சு. மன்னிக்க வேணும்."

துரை கைலேஞ்சியை மூக்கில் வைத்தார். பொய்க்கு வைத்தாரோ, வெற்றிலை நாற்றத்துக்கு வைத்தாரோ, யார் கண்டது? கடதாசியில் இருக்கும் சுருக்கங்களுக்கு மணமில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வண்டியேறினார். பட்டமும் அவரோடு ஏறிப் போயிற்று.

அமிர்தநாயகத்தார் தாயைப் பார்க்கவில்லை. அவளுடைய தலை பட்டிருக்கும் என்று, படத்தின் கண்ணாடியைச் சால்வை நுனியால் தேய்க்கத் தொடங்கினார்.

றஞ்சிதம் முற்றத்தில் காறித் துப்பிவிட்டுக் குசினிக்குப் போனாள். ஈரச் சாம்பலை வாரிக் கொட்டி, புது விறகு வைத்து அடுப்பை மூட்டினாள். உலையில் இரண்டு பேருக்குத்தான் அரிசி போட்டாள்.