எக்ஸ்ரே அம்மா கடலில் இறங்கினாள்

அந்தத் தீவில் செருப்புப் போட்டு நடக்கிறவர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வந்திறங்கியவர்கள். மற்றவர்களுக்குக் காலில் மணலும் தலையில் உப்புமாகவே பொழுது விடிந்தது, அடைந்தது. இருப்பதே ஒரு தெரு. அதில் பாதி, கடலுக்கடியில் முக்குளிக்கக் கூட்டிப்போகிற ஸ்கூபா கடைகள். வாசலுக்கு வாசல் கயிறு கட்டி ரப்பர் உடைகளை உலர்த்தியிருந்தார்கள். சிலிண்டரில் காற்றடைக்கிற இயந்திரம் காலையிலிருந்து ஓயாமல் கத்தியது. சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால், பக்கத்து மேசைக்காரர்கள் ஓர் ஆமையைப் பற்றிச் சொந்த அத்தையைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னிக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா மூஞ்சியே சரியில்ல. ஏதோ கோவம் போல."

இந்த ஊருக்குத்தான் எக்ஸ்ரே அம்மா பை பார்த்துக்கொள்ள வந்திருந்தாள்.

அப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லைதான். மகளும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே முக்குளித்துப் பழகியவர்கள். "நீயும் அப்பாவும் வாங்கம்மா, நிழல்ல உட்கார்ந்து காத்து வாங்கலாம்" என்றுதான் மகள் கூப்பிட்டாள். ஆனால் அந்தக் குடும்பம் அருவிக்குப் போனாலும் சரி, மலைக்குப் போனாலும் சரி, எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். கைப்பை, துண்டு, கண்ணாடி, செல்போன் எல்லாம் இவள் மடியில் வந்து விழும். இவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காப்பாள். திரும்பி வருகிறவர்கள் பார்த்ததை எல்லாம் கதை கதையாகச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே துண்டுகளைப் பிழிந்து போடுவாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. இருட்டறை, இயந்திரம், அவள். "மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிங்க." தடுப்புக்குப் பின்னால் போய்ப் பொத்தானை அழுத்துவாள். "மூச்சு விடலாம்." அடுத்த ஆள். ஊரில் பாதிப் பேரை அவளுக்கு முகத்தால் தெரியாது, விலா எலும்பால் தெரியும். வாழ்நாளெல்லாம் உற்று உற்றுப் பார்த்தவள்தான். பார்த்தது எல்லாம் கறுப்பு, வெள்ளை, சாம்பல்.

வந்த அன்று மரத்தடியில் பைகளோடு உட்கார்ந்திருந்தபோது மகள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தாள். "அம்மா, ஒரு மீன் பார்த்தேன்மா. மஞ்சள்னா அப்படி ஒரு மஞ்சள். சொன்னா உனக்குப் புரியாது!"

அந்தக் கடைசி வார்த்தைதான் போய்த் தைத்தது. ஏன் புரியாது? கண் இல்லையா எனக்கு? எக்ஸ்ரே அம்மா மடியிலிருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் வைத்தாள்.

"நானும் இறங்கறேன்" என்றாள்.

மகள் வாயைப் பிளந்தாள். மாப்பிள்ளை, "சூப்பர் அத்தை" என்று சொல்லிவிட்டு மாமனார் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனார். அந்த முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அவர் ஆயுள் காப்பீட்டு முகவர். ஏணியைப் பார்த்தால் அவருக்கு அதிலிருந்து விழப்போகிறவன்தான் தெரிவான். அப்படிப்பட்டவர் கடலைப் பார்த்தால் என்ன தெரியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்த ஆளு நீ. கடலுக்குள்ள போறியாம் கடலுக்குள்ள!"

"அந்த சோப்பைத் தரையில போட்டது யாருங்க?"

அன்று மத்தியானமே அவள் ஆழமில்லாத கரையோரத் தண்ணீரில் பாடம் கேட்க நின்றாள்.

சொல்லிக்கொடுத்தவள் ஒரு சின்னப் பெண். வெயிலில் மூக்குத் தோல் உரிந்து, உருவத்துக்குச் சம்பந்தமில்லாத குரலோடு இருந்தாள். தீவே அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிட்டது.

"மத்தது எதை மறந்தாலும் நான் பார்த்துக்கறேன்மா. இது ஒண்ணை மட்டும் மறக்கக் கூடாது. தண்ணிக்குள்ள மூச்சைப் பிடிக்கவே கூடாது. போகணும், வரணும், போகணும், வரணும். பிடிச்சீங்கன்னா நெஞ்சு நிறையக் காத்தோட மேல தூக்கிடும். அப்படி மேல வந்தா நுரையீரலுக்கு ஆபத்து."

நுரையீரலைப் பற்றி யாரிடம் சொல்கிறாய் பெண்ணே என்று நினைத்துக்கொண்டு எக்ஸ்ரே அம்மா தலையாட்டினாள். முகக் கண்ணாடிக்குள் புகுந்த தண்ணீரை மூக்கால் ஊதி வெளியேற்றுவது, வாயிலிருந்து நழுவிய குழாயைத் திரும்ப எடுத்துக் கடிப்பது, எல்லாம் முதல் தடவையிலேயே வந்துவிட்டது. கேப்டனே கையைத் தட்டினாள். அப்புறம் மணலில் கிடந்த ஒரு நட்சத்திர மீனைக் காட்டினாள். எக்ஸ்ரே அம்மா குனிந்து உற்றுப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் அவள் தலை தண்ணீருக்கு மேலே நின்றது.

திரும்ப இறங்கினாள். ஒரு நண்டைக் காட்டினாள் கேப்டன். திரும்பவும் மேலே. இடுப்பில் ஈயக்கட்டி ஒன்றைக் கூடுதலாகக் கட்டிப் பார்த்தார்கள். ஈயமும் சேர்ந்து மேலே வந்தது.

"எதையாவது காட்டினா போதும், மூச்சை நிறுத்திடறீங்கம்மா" என்றாள் கேப்டன்.

"நானா? இல்லவே இல்ல."

"குமிழி நின்னுடுதே. நான் பார்க்கறேன்ல." கேப்டன் கொஞ்சம் தயங்கினாள். "நாளைக்குக் காலைல படகு கிளம்பறதுக்கு முன்னாடி இன்னொரு தடவை பார்க்கறேன். அப்பவும் நின்னுச்சுன்னா, கோவிச்சுக்காதீங்க, கூட்டிட்டுப் போக மாட்டேன். உங்க நல்லதுக்குத்தான்."

நாளை மறுநாள் ஊருக்குத் திரும்ப வேண்டும். நாளைக் காலைப் படகை விட்டால் வேறு படகு இல்லை. எக்ஸ்ரே அம்மா ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு அறைக்கு நடந்தாள்.

அறை என்றால் ஒரு கட்டில், ஒரு மின்விசிறி, எங்கே கால் வைத்தாலும் மணல். காப்பீட்டுக்காரர் உள்ளூர மகிழ்ந்துபோய்த்தான் உட்கார்ந்திருந்தார். தொல்லை விட்டது என்று சொல்ல வாயைத் திறந்தவர், மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டார். அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட அவருக்குத் தெரிந்த வழியில் சமாளித்திருப்பார். அவள் மகளுடைய பையை எடுத்து, அறுந்து தொங்கிய வாரைத் தைக்க ஆரம்பித்தாள். திரும்பவும் பை. அதைப் பார்க்க அவருக்கே என்னவோ போல் இருந்தது.

அவள் ஊசியை விளக்குக்கு நேராகப் பிடித்து, நூல் முனையை அதன் காதருகே கொண்டுபோனாள்.

"அதோ! நிறுத்திட்டே!" என்று கத்தினார் அவர்.

"எதை?"

"மூச்சை! அந்தப் பொண்ணு சொல்றது சரிதான். நீ எதை உத்துப் பார்த்தாலும் மூச்சை நிறுத்திடுவே. ஊசி கோக்கறப்ப, பாட்டில்ல எண்ணெய் ஊத்தறப்ப, எப்பவும். பாப்பா பொறந்தப்போ தொட்டில எட்டிப் பார்த்துட்டு நின்னியே, ஞாபகமிருக்கா? நீ மூச்சு விடற வரைக்கும் நானும் விடாம பக்கத்துல நின்னேன்."

இதை இத்தனை வருஷமாக அவர் சொன்னதே இல்லை. எக்ஸ்ரே அம்மா ஊசியை இறக்கினாள். மெல்ல அவளுக்குப் பிடிபட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, இயந்திரத்தோடு மல்லுக்கட்டியதில் விடச் சொல்ல மறந்துவிட்டாள். நல்ல மனிதர், முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போகும்வரை சொன்ன சொல் தவறாமல் நின்றார். அன்றிலிருந்து அவள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டாள். எக்ஸ்ரே எடுக்க வந்தவர்கள் பிடிக்கும்போது தானும் பிடிப்பது. தனக்கு முட்டினால் அவர்களை மறக்க முடியாது அல்லவா? அப்படிப் பிடித்துப் பிடித்து, பார்ப்பது என்றாலே மூச்சைப் பிடிப்பது என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது.

"சரி, ஆஸ்பத்திரில எப்படித்தான் விடுவே?" என்றார் அவர்.

"'மூச்சு விடலாம்'னு அவங்களுக்குச் சொல்வேன். சொன்னா எனக்கும் தானா வந்துடும்."

"அதையே தண்ணிக்குள்ள சொல்லேன்."

"வாயில குழாய் இருக்குமே."

"மனசுக்குள்ள சொல்லு. என்னைத் திட்டறதெல்லாம் மனசுக்குள்ளதானே?"

"மனசுக்குள்ளன்னு யாருங்க சொன்னது?"

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் காப்பீட்டுக்காரருக்கு உறைத்தது, தன் வாயாலேயே மனைவியைக் கடலுக்கு அனுப்பி வைக்கிறோம் என்று. ஆனாலும் மனிதர் பின்வாங்கவில்லை. சுவரில் பல்லியைக் காட்டினார், பையின் தையலைக் காட்டினார், தன் உள்ளங்கை ரேகையைக்கூடக் காட்டினார். அவள் உற்றுப் பார்ப்பாள். அவர் அவள் மூக்கின் கீழே விரலை வைத்துக் காவல் காப்பார். காற்று நின்றால் அதட்டுவார். அவள் மனசுக்குள் சொல்லுவாள், விடுவாள்.

காலையில் கேப்டன் அதே நண்டைக் காட்டினாள். அது வேறு நண்டாகவும் இருக்கலாம், யார் கண்டது. எக்ஸ்ரே அம்மா அதைக் கால் காலாகப் பார்த்தாள். குமிழிகள் வரிசை குலையாமல் போய்க்கொண்டே இருந்தன. கேப்டன் மேலே வந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "ஏறுங்கம்மா."

படகில் எல்லோரும் உடை மாட்டி, சிலிண்டர் கட்டித் தயாரானார்கள். கைப்பை, துண்டு, கண்ணாடி, செல்போன் எல்லாம் வழக்கம்போல ஒரு மடியைத் தேடின. தேடிப்போய்க் காப்பீட்டுக்காரர் மடியில் விழுந்தன. அவர் அவற்றைக் கட்டிக்கொண்டு, மனைவி தண்ணீருக்குள் மறைவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கீழே போகப் போகக் காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினாள், திறந்தது. கேப்டன் கைக்கெட்டும் தூரத்திலேயே வந்தாள். பிறகு எக்ஸ்ரே அம்மா கீழே பார்த்தாள். அதோ அந்த மீன். மகள் சொன்னது பொய், அது மஞ்சள் இல்லை. மஞ்சளுக்கு ஒரு வார்த்தை போதாது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஊதா, பச்சை, பேரே தெரியாத ஏதேதோ, எல்லாம் அசைந்தன. சின்னச் சின்ன நீல மீன்கள் அவள் கண்ணாடி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடின. மூச்சு விடலாம், மூச்சு விடலாம் என்று சொல்லிக்கொண்டே போனாள். சந்தோஷம் தாங்கவில்லை அவளுக்கு.

அப்போதுதான் பாறை மறைவிலிருந்து அந்த அத்தை வந்தது. ஆமை. சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர்கள் அதன் அளவைச் சொல்லவில்லை. நேராக அவளைப் பார்த்து வந்தது. ஓட்டில் ஒவ்வொரு கட்டமும், கழுத்தில் ஒவ்வொரு சுருக்கமும், அந்த வயசான கண்ணும்... குமிழி நின்றது. உடம்பு மேலே எழ ஆரம்பித்தது. கேப்டனின் கை இவள் தோளை நோக்கி நீண்டது. பிடித்துவிட்டால் அவ்வளவுதான், படகுக்குத்தான்.

எக்ஸ்ரே அம்மா தன் இருட்டறைக் குரலில், தனக்கே சொன்னாள்: மூச்சு விடலாம்.

குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. அவள் தானாகவே இறங்கி ஆமையின் கண் மட்டத்துக்கு வந்து நின்றாள். கேப்டன் கையை மடக்கிக்கொண்டாள். ஆமை இவளை நன்றாகப் பார்த்தது, இவளும் பார்த்தாள், மூச்சு விட்டுக்கொண்டே, வேண்டிய மட்டும். அன்று அதற்குக் கோபம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. எதிரே மகள் சத்தம் வராமல் கைதட்டிக்கொண்டிருந்தாள்.

நேரம் முடிந்து, கேப்டன் சொன்னபடி மெல்ல மெல்ல மேலே வந்தார்கள். தலை வெளியே வந்ததும் எக்ஸ்ரே அம்மா முதலில் பார்த்தது படகைத்தான். காப்பீட்டுக்காரர் எழுந்து நின்றிருந்தார். பைகளை நெஞ்சோடு அணைத்து, தண்ணீரையே முறைத்துக்கொண்டு, முகமெல்லாம் கத்திரிக்காய் நிறமாக, ஆடாமல் அசையாமல் நின்றிருந்தார். தொட்டில் பக்கத்திலும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

அவள் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கினாள். ஆஸ்பத்திரித் தாழ்வாரம் வரை கேட்கிற அந்தக் குரலை எடுத்தாள்.

"மூச்சு விடலாம்!"

அத்தனை பைகளும் சரிந்து விழ, அவர் விட்டார்.