வாங்கிக் கட்டிக்கொள்ள வந்தவர்கள்

கடற்கரை ஊரான போர்மாலின் மீன்கூடத்தில் ஒரு காலை, வெள்ளைக் கால்சட்டைக்காரன் ஒருவன் தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, கல்மேடையில் கிடந்த கொடுவா மீனுக்கு மாட்டிவிட்டுப் படம் எடுத்தான். அது ஸெலியின் கல்மேடை, ஸெலியின் மீன். புருஷன் லஸார் விடியலில் கொண்டுவந்து போட்டுவிட்டு இப்போதுதான் வலை அலசப் போயிருந்தான். ஸெலிக்குச் சுருக்கென்றது.

"எடுடா அதை. செத்த மீனுக்கு இருக்கிற மானம்கூட உனக்கு இல்லையா? பேஸ்ட்ரி கடைக்குப் போற மாதிரி உடுத்திக்கிட்டு மீன்கடையில வந்து நிக்கிறியே, உன்னைப் பெத்தவ பாத்தா தலையில அடிச்சுக்க மாட்டா? வாங்குறதா இருந்தா வாங்கு, இல்லேன்னா அந்த மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நட."

அவன் கோபப்பட்டிருந்தால் கதை அன்றோடு முடிந்திருக்கும். அவன் வாயெல்லாம் பல்லாக நின்றான். கூட வந்தவள் அத்தனையையும் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். அந்த வாரமே அதை உலகமே பார்த்தது. அடுத்த வாரம் முதல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள், மீன் வாங்க அல்ல, திட்டு வாங்க.

தப்பு ஸெலியுடையதுதான். போர்மால் மீன்காரிகள் அந்நியரைத் திட்டுவதே கிடையாது. திட்டு என்பது வீட்டு ஆட்களுக்கு. அண்ணன், மச்சான், பக்கத்துப் படகுக்காரன், அவன் மாமியார், ஊர்ப் பாதிரியார், இவர்களைத்தான் கிழி கிழி என்று கிழிப்பார்கள். அந்நியன் வந்தால் "வாங்க ஐயா, என்ன வேணும் ஐயா" என்று கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அதனால் ஊர்க்காரன் ஒருவனைப் பார்த்து ஒரு மீன்காரி "ஐயா" என்று சொல்லிவிட்டால், அவன் கதை முடிந்தது என்று அர்த்தம். பக்கத்துக் கல்மேடைக்காரி ரோஸினின் பெரியப்பா அடுத்தவன் கூண்டிலிருந்து சிங்கிறால் திருடி மாட்டியபோது யாரும் அவரை அடிக்கவில்லை, போலீசுக்கும் போகவில்லை. மீன்கூடமே அவரை ஐயா என்றது. ஒரு குளிர்காலம் தாங்கினார். பிறகு வீட்டைப் பூட்டிக்கொண்டு தூலோன் நகரத்துக்குப் போனவர்தான், செத்ததும் அங்கேதான்.

இது தெரிந்தும் ஸெலி அந்நியனைத் திட்டினாள். கோபத்தில் வாய் தவறிவிட்டது. வீட்டுச் சோற்றைத் தெருவில் போகிறவனுக்கு அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. இப்போது வரிசை கட்டி நின்றார்கள்.

ஊர் அதற்கு முன்பே நாறிப்போய்த்தான் கிடந்தது. அவள் அம்மா காலத்தில் ஒரு சினிமாக்காரக் கூட்டம் வந்து கடற்கரையில் அரைகுறை உடுப்போடு படம் பிடித்துவிட்டுப் போனது. அதோடு பிடித்தது சனி. வலைக்கிடங்கு வாசனைத் தைலக் கடையானது. படகு கட்டிய கொட்டகையில் இப்போது கைப்பை விற்கிறார்கள். அந்தக் கைப்பையில் ஒரு மத்தி மீன்கூடக் கொள்ளாது. படகுத்துறையில் வீடு உயரத்துக்கு வெள்ளைக் கப்பல்கள். அதில் இருப்பவர்கள் கடலில் கால்கூட நனைப்பதில்லை, கப்பலுக்குள்ளேயே குளம் வைத்துக் குளிக்கிறார்கள். ஊர்க்காரர்கள் மட்டும் யோக்கியமா? வீட்டை விற்றுவிட்டு மலைமேல் குடியேறியவர்கள், கோடையில் கீழே இறங்கிவந்து தாங்கள் விற்ற வீட்டிலேயே தட்டுக் கழுவுகிறார்கள். கேட்டால் ஊர் முன்னேறிவிட்டதாம்.

இவர்கள் எல்லோரிலும் பெரிய ஆள் ஒனொரே. மீன்கூண்டு பின்னுகிறவர் மகன். சின்ன வயதில் மூக்கு ஒழுகிக்கொண்டு ஸெலியின் பாவாடையைப் பிடித்தபடி அலைந்தவன். தாயில்லாப் பிள்ளை என்று அவளும் ஊட்டிவிட்டிருக்கிறாள். இன்றைக்கு ஊரில் பாதி ஹோட்டல் அவனுடையது. ஆனால் தினமும் காலையில், சமையல்காரனை அனுப்பாமல், அவனே மீன்கூடத்துக்கு வருவான். ஸெலியின் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

"வந்துட்டான் பாரு. என்னடா தொப்பை, நேத்தைவிட ரெண்டு விரல் கூடியிருக்கு? ஊரைத் தின்னது செரிக்கலையா?"

"செரிக்கலை அக்கா."

"செரிக்காது. உங்கப்பன் எலும்பு தேயப் பின்னி உன்னை வளத்தது எதுக்கு? கப்பல்காரிக்குக் குடை புடிக்கவா? தடிமாடு. இந்தா, முள்மீன் கொஞ்சந்தான் இருக்கு, தூக்கிக்கிட்டுப் போ."

அவன் சிரித்துக்கொண்டே வாங்கிப்போவான். முகம் கழுவின மாதிரி தெளிவாக இருக்கும். அவனை அப்படித் திட்ட ஊரில் வேறு ஆள் இல்லை.

அந்த வருடம் கோடை தொடங்கும்போது நகராட்சி மீன்கூடத்தை ஒனொரேவுக்குக் குத்தகைக்கு விட்டது. கல்மேடைகளை எடுத்துவிட்டு அங்கே மது அருந்தும் இடம் வரப்போகிறதாம். மீன்காரிகள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் போய்க்கொள்ள வேண்டியதாம். மிச்சமிருந்த மீன்காரிகளே இரண்டு பேர்தான், ஸெலியும் பக்கத்துக் கல் ரோஸினும்.

ஸெலிக்குத் தூக்கம் போய்விட்டது. கல் கையைவிட்டுப் போனால் பிழைப்பு போச்சு. மீன்கூடத்தில் நிழல் உண்டு, கல்லின் அடியில் ஊற்றுத் தண்ணீர் ஓடுகிறது, லஸாரின் படகு பத்தடியில் நிற்கிறது. பேருந்து நிலையத்தில் வெயில் ஏறுவதற்குள் மீன் கண் செத்துவிடும். அதைவிட, அந்தக் கல் இருந்த இடத்தில் எவனோ ஒருவன் முழங்கையை ஊன்றிக்கொண்டு ஐஸ் போட்டுக் குடிக்கப்போகிறான் என்று நினைத்தாலே அவளுக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் ஒனொரே வந்தபோது அவள் பிடித்துக்கொண்டாள். "என் கல்லு மேலயே கைய வெச்சிட்டியேடா நாறப்பயலே. உனக்குச் சோறு ஊட்டின கைடா இது."

"அதுக்குத்தான் வந்தேன் அக்கா. உன் கல்லும் ரோஸின் கல்லும் அங்கேயே இருக்கட்டும். நான் எடுக்கலை. எழுதியே தரேன்."

"எதுக்கு இவ்வளவு குழையுற? என்ன வேணும்?"

"நீ செய்யறதையே செய். வரவங்களைத் திட்டு. தினம் பதினோரு மணிக்கு, ஹோட்டல்ல தங்குறவங்க வருவாங்க. நாலு பெஞ்சு போடுறேன், கையில ஆளுக்கு ஒரு கிளாஸ் குடுத்துடுவேன். நீ வழக்கம்போலப் பேசு, அவ்வளவுதான்."

ஸெலி கையிலிருந்த கத்தியைக் கல்லில் வைத்தாள்.

"கூலிக்குத் திட்டச் சொல்றியா?"

"கூலி இல்ல அக்கா. கல்லுக்கு."

அவன் போனதும் ரோஸின் கத்தியைத் துடைத்தபடி வந்து நின்றாள். ரோஸினுக்கு முழங்கால் சரியில்லை. வேலை போன மகன் ஒருவன் வீட்டில் படுத்துக்கிடக்கிறான்.

"ஒத்துக்க ஸெலி. உனக்கு என்ன, வாயைத் தொறந்தா தானா கொட்டுது. அவனுங்களைப் பாத்து நமக்கு என்ன மரியாதையா இருக்கு? மனசுல திட்டுறதை வாயால திட்டப்போற. எனக்கும் சேத்துத்தான் கேக்குறேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்க என் காலுக்கு ஆகாது."

"நீயெல்லாம் மீன்காரி வயித்துல பொறந்தவளா? வெக்கங்கெட்டவளே," என்றாள் ஸெலி. ஆனால் ரோஸினின் முழங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மாலையில் ஒனொரேவுக்குச் சரி என்று ஆள் அனுப்பினாள். லஸார் அன்று இரவு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் போய்ப் படுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகள் வந்தன. கூடத்து வாசலில் நீலப் பலகை ஒன்றில் ஸெலியின் வாயைப் பெரிதாக வரைந்து மாட்டியிருந்தார்கள், வாயை மட்டும். பதினோரு மணிக்குக் கூட்டம் உட்கார்ந்தது. தொப்பிகள், வெண்ணெய் நிறச் சட்டைகள், வெயிலில் வெந்து சிவந்த தோள்கள். மீன் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் கிளாஸ் கைக்கு வந்ததும் பொத்திய கையை எடுத்தார்கள். ஊர்க்காரர்களும் சிலர் தூணோரம் நின்றார்கள்.

பெரிய கப்பலின் சொந்தக்காரி ஒருத்தி முதலில் எழுந்தாள். வெயில் படாத முகம், வயது எது என்று சொல்ல முடியாதபடி இழுத்துக் கட்டிய தோல். கல்லருகே வந்து, யாரோ சொல்லிக்கொடுத்த மாதிரி, ஒரு நகரை மீனை வாலைப் பிடித்துத் தூக்கி முகர்ந்து முகத்தைச் சுளித்தாள். பின்னால் இருந்தவர்கள் தொலைபேசிகளை உயர்த்தினார்கள். சிரிப்பதற்கு வாய்கள் பாதி திறந்து தயாராக இருந்தன.

ஸெலிக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. மீனையா மோந்து பாக்குற, உன்னை மோந்தா அது ஓடிப்போயிடும் என்று தொடங்கலாம். அற்புதமாகத் தொடங்கலாம். அந்தப் பாதி திறந்த வாய்களைப் பார்த்தாள். குஞ்சுகள் இரைக்குக் காத்திருப்பதுபோலக் காத்திருந்தன. இவர்களுக்கா? அவள் ஒனொரேவைத் திட்டுவதும், ரோஸினைத் திட்டுவதும், லஸாரை இத்தனை வருடம் திட்டியதும் இவர்களுக்கா? அவளுக்கு அருவருப்பாக வந்தது. தன்மேலும் வந்தது.

"நல்ல மீன் மேடம்," என்றாள். "இன்னைக்குக் காலைல புடிச்சது. செதில் எடுத்துத் தரவா?"

கப்பல்காரி திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தாள். "அவ்வளவுதானா?"

"எலுமிச்சம்பழம் வேணுமா மேடம்? சும்மாவே தரேன்."

பெஞ்சுகளில் முணுமுணுப்பு எழுந்தது. ஒனொரே வேகமாகக் கல்லருகே வந்து குனிந்தான். "அக்கா, என்ன பண்ற? திட்டு."

ஸெலி கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"மன்னிக்கணும் ஐயா," என்றாள். "உங்களுக்கு வேற ஏதாவது வேணுங்களா?"

தூணோரம் நின்ற ஊர்க்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ரோஸினின் கையிலிருந்த கத்தி அசையவில்லை. ஒனொரே சிரிக்கப் பார்த்தான், உதடு ஒத்துழைக்கவில்லை.

"விளையாடாத அக்கா. என்னை அப்படிக் கூப்பிடாத."

"சரிங்க ஐயா."

பெஞ்சுக்காரர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருவன் கிளாஸைத் தட்டினான், இன்னொருவன் எழுந்து போகப் பார்த்தான். அப்போது ரோஸின் இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏய் கப்பல்காரி, மீனைக் கீழ வைடி" என்று ஆரம்பித்தாள். பாவம், அவளுக்குத் திட்டவும் வராது. ஸெலி பலமுறை சொன்னதையே ஒன்றன்பின் ஒன்றாக, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தாள். கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. கைதட்டினார்கள். கப்பல்காரி சிரித்துச் சிரித்துக் கண்ணோரம் ஒற்றிக்கொண்டாள்.

இப்படியாக ரோஸினின் கல் நின்றது. ஸெலியின் கல்லைச் செவ்வாய்க்கிழமை பெயர்த்தார்கள்.

அவள் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போனாள். இரண்டு மரப்பெட்டி, மேலே ஒரு பலகை, ஒரு கிழிந்த குடை. லஸார் படகிலிருந்து மீனைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வர வேண்டியிருந்தது. வெயில் ஏறுவதற்குள் பாதி விற்காமல் நின்றது. முதல் நாள் அவள் குப்பைத் தொட்டிப் பக்கம் திரும்பி நின்று, ஆத்திரத்தில் அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி வந்து நின்றாள்.

ரோஸின் மாலைகளில் நொண்டிக்கொண்டே வந்து, விற்காத மத்தியை உப்பில் போட உதவினாள். ஸெலி அவளைச் சும்மா விடவில்லை. துரோகி என்றாள், வாயை வாடகைக்கு விட்டவள் என்றாள், அவள் மகனையும் முழங்காலையும் சேர்த்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். ரோஸின் தலையைக் குனிந்தபடி உப்பைத் தூவினாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

ஒனொரே ஒரு காலை வந்தான். கார் தூரத்தில் நின்றது. குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, நல்ல செருப்போடு, மீன் கழுவின தண்ணீரை மிதித்துக்கொண்டு வந்தான். முகம் ஊதியிருந்தது, சவரம் செய்யவில்லை. பலகையிலிருந்த மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் போட்டான். செவுளைப் பிளந்து பார்த்தான். ஒரு கணவாயைத் தரையிலேயே தவறவிட்டான். எந்த மீன்காரியும் பொறுக்காத காரியங்கள். ஒவ்வொன்றுக்கும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான்.

ஸெலி கணவாயை எடுத்துக் கழுவிப் பலகையில் வைத்தாள். "பரவாயில்லைங்க ஐயா."

"அக்கா, கல்லைத் திருப்பி வெச்சுடறேன்," என்றான். கண் கலங்கியிருந்தது. "பெஞ்செல்லாம் எடுத்துடறேன். பலகையக் கழட்டிடறேன். நீ எவனையும் திட்ட வேணாம். என்னை மட்டும் ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை அக்கா. நாளைக்கே நீ உன் கல்லுல நிக்கலாம்."

அவன் பொய் சொல்லவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. நிழல், தண்ணீர், பத்தடியில் படகு. வண்டி தள்ளித் தள்ளி வளைந்த லஸாரின் முதுகு. வார்த்தைக்கும் பஞ்சமில்லை, தொப்பை, தடிமாடு, நன்றிகெட்டவன், நாற்பது வருடத்துச் சரக்கு அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு தொண்டையில் முட்டியது. பிள்ளையாக இருந்தபோது ஒழுகிய அவன் மூக்கும் நினைவுக்கு வந்து தொலைத்தது. ஒன்றை விட்டால் போதும். அதற்குத்தான் விலை பேசிக்கொண்டு நிற்கிறான். கப்பல்காரி கிளாஸைப் பிடித்துக்கொண்டு கேட்டதையே இவன் கண்ணீரைப் பிடித்துக்கொண்டு கேட்கிறான்.

அவள் இரண்டு நகரை மீனை எடுத்துத் தாளில் சுற்றினாள். மூலைகளை ஒழுங்காக மடித்து அவன் கையில் கொடுத்தாள். பணத்தை வாங்கிக்கொண்டு மீதிச் சில்லறையையும் கொடுத்தாள்.

"நன்றிங்க ஐயா."

அவன் நகரவில்லை. பின்னால் பேருந்து ஓட்டுநர் ஒருவர் பையோடு வந்து நின்றார், மலைமேல் குடியிருக்கும் ஊர்க்காரர். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"ஆள் நிக்கிறாருங்க ஐயா," என்றாள் ஸெலி. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ஒனொரே தள்ளி நின்றான்.