தசரதன் மாமாவுக்குக் கண்ணீர் அஞ்சலி

எனக்குக் கிரிக்கெட் முழுதாகத் தெரியாது. எல்.பி.டபிள்யூ என்றால் என்னவென்று தசரதன் மாமா பலமுறை விளக்கியும் இன்னும் புரியவில்லை. ஆகவே ஆட்டத்தைப் பற்றி நான் எழுதுவதில் தப்பு இருக்கலாம். மற்றதில் தப்பு இருக்காது என்று நினைக்கிறேன். மற்றது எங்கள் வீட்டில் நடந்தது.

தசரதன் மாமா என் அக்கா சரசுவின் கணவர். வேலைக்கும் மாலை வகுப்புக்கும் பக்கம் என்பதால் ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் வீட்டிலேயே தங்கியிருக்கிறேன். பகலில் கேம்ப் ரோடில் ஒரு கிளினிக்கில் பில் போடுகிறேன், மாலையில் கிழக்குத் தாம்பரத்தில் டி.டி.பி., அதாவது கம்ப்யூட்டரில் போஸ்டர், பேனர் வடிவமைக்கப் படிக்கிறேன். மாமா சிறுசேரிக்கு ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறார். நாற்பத்திரண்டு வயது. வாரத்தில் ஆறு நாள் அவர் டிரைவர். ஞாயிற்றுக்கிழமை வேறு ஆள். மேடவாக்கத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் டென்னிஸ் பந்து டோர்னமென்ட் எங்கே நடந்தாலும் 'ராஜாஸ் லெவன் தசரதன்' என்றால் தெரியாதவர்கள் கிடையாது. அக்கா கல்யாணத்தன்று மண்டபத்துக்கு வெளியே அவருடைய ரசிகர்கள் பெரிய பேனர் வைத்தார்கள். அவர் பேட்டை உயர்த்திப் பிடித்திருந்தார். அதில் அக்காவின் படம் இல்லை.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கடைசி ஓவரில் அவர் நின்றால் ஒற்றை ரன் ஓடமாட்டார். எதிர்முனையில் இருப்பவன் பாதி தூரம் வந்துவிட்டாலும் கையைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். எல்லாப் பந்தையும் தானே ஆடி முடிப்பார். இருபது வருஷமாக அப்படித்தான். கூட்டமும் அதற்காகவே வரும். பந்து வீசுகிறவன் ஓடத் தொடங்கும்போதே "சிங்கிள் வேணாம்ணா, சிங்கிள் வேணாம்ணா" என்று கைதட்டிக்கொண்டு கத்துவார்கள். மைக்கில் வர்ணனை சொல்பவரும் சேர்ந்துகொள்வார்.

எட்டு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை, இறுதி ஆட்டம். எதிரணி பொத்தேரி காலேஜ் பையன்கள். கடைசி ஓவரில் ஆறு ரன் வேண்டும். பேட் மாமா கையில். எதிர்முனையில் அதீப், இருபது வயது, அன்றைக்கு நன்றாக அடித்துக்கொண்டிருந்தான். முதல் பந்தை மாமா அடித்தார். அதீப் ஓடிவந்தான். மாமா கையைக் காட்டினார். கூட்டம் விசிலடித்தது. இரண்டாவது பந்தும் அதேபோல. அதற்கு இன்னும் பெரிய விசில். மூன்றாவது பவுண்டரி. அடுத்த இரண்டும் பேட்டில் படவே இல்லை. கடைசிப் பந்தை உயரமாகத் தூக்கினார். எல்லைக்கோட்டுக்கு ரொம்ப முன்னாலேயே ஒரு பையன் நின்ற இடத்தில் நின்றபடி பிடித்துவிட்டான். போன வருஷமாக இருந்தால் அது சிக்சர் என்று அதீப் பிற்பாடு சொன்னான். எனக்குத் தெரியாது.

அப்புறம் ஒரு தண்ணீர் பாக்கெட் வந்து மாமாவின் காலருகே விழுந்து வெடித்தது. பின்னாலேயே நிறைய வந்தன. "யோவ் பெருசு, வூட்ல போய் பேரனை ஆட வுடுய்யா" என்று ஒருவன் கத்தினான். மாமாவுக்குப் பிள்ளையே இல்லை. என் பின்னால் நின்றவர், "ரெண்டு சிங்கிள் ஓடியிருந்தா மேட்ச் நம்புளுது. இன்னா திமிரு பாரு இந்தாளுக்கு" என்றார். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. 'சிங்கிள் வேணாம்ணா' என்று கத்தித்தான் கட்டியிருந்தது.

அன்று சாயங்காலம் மாமாவின் போன் ஓயவில்லை. டீம் குரூப்பில் அவர் படத்துக்கு வெள்ளைத் தாடி ஒட்டி, கையில் பேட்டுக்குப் பதிலாக ஊன்றுகோல் வைத்து அனுப்பினார்கள். குரல் செய்திகளாகவும் வந்தன. சாப்பிட்டுக்கொண்டே ஒன்று விடாமல் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார்.

"ஏங்க, அதை அணைங்க" என்றாள் அக்கா.

"இரு. இன்னும் ரெண்டு கீது."

அதையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் போனை அணைத்தார். காலையில் அதை ஆன் செய்யாமலேயே வேலைக்குப் போனார். பின்னால் நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை அக்கா குளித்து, தலையில் பூ வைத்து, தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். கேட் திறந்த சத்தம் கேட்டது. மாமாவின் சித்தப்பா பக்தவச்சலமும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர் கையில் ஒரு பெரிய ரோஜா மாலை. அவர் மனைவி வாசற்படியிலேயே உட்கார்ந்து, "என் ராசா, போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டார்.

அக்கா தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள். மாலையைப் பார்த்தாள். "வண்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

பக்தவச்சலம் தலையை ஆட்டினார். ஏன் ஆட்டினீர்கள் என்று பிற்பாடு கேட்டேன். அழுகிற பெண் எதைக் கேட்டாலும் அந்த நேரத்தில் ஆட்டத்தானே வேண்டும் என்றார்.

அக்கா அப்படியே சுவரைப் பிடித்தபடி சரிந்தாள். நான் மாமாவுக்குப் போன் செய்தேன். அணைந்திருந்தது. வேன் கம்பெனி ஆபீசுக்குச் செய்தேன். சூப்பர்வைசர் வேதசிரோமணி எடுத்தார்.

"தசரதனா? வண்டி நாவலூர் தாண்டிப் போய்க்கினு கீதேம்மா. ஸ்க்ரீன்ல பாத்துக்கினுதான் கீறேன்."

"ஓட்டறது அவருதானா சார்?"

"வேற யாரு ஓட்டுவா? எங்கிட்டதான் சாவி வாங்கினு போனாரு. இன்னாம்மா விஷயம்?"

விஷயம் என்னவென்று எனக்கே தெரியவில்லை. திரும்பி, "மாமா நல்லாத்தான் இருக்காரு, வண்டி ஓட்டிக்கிட்டு இருக்காரு" என்று எல்லாருக்கும் கேட்கிறமாதிரி சொன்னேன். அதற்குள் தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். யாரோ பிளாஸ்டிக் நாற்காலி இறக்கினார்கள். "ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சா?" என்று ஒருவர் கேட்டார்.

பக்தவச்சலம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போஸ்டரே ஒட்டிட்டாங்க கண்ணு. சிக்னல்கிட்ட, ரேஷன் கடைச் சுவத்துல, பஸ் ஸ்டாப்புல. போட்டோ போட்டு ஒட்டியிருக்கான். விசாரிக்காமயா ஒட்டுவான்?"

கூடியிருந்தவர்கள் அதை ஒப்புக்கொண்டார்கள். வேன் ஓடுகிறது என்று ஒரு பெண் போனில் கேட்டுச் சொல்கிறாள். சுவரில் போஸ்டர் இருக்கிறது. எதை நம்புவார்கள்? எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வேறு டிரைவர் மாற்றி ஓட்டலாம், வேதசிரோமணி தெரியாமல் சொல்லலாம் என்று தோன்றியது. பக்கத்து வீட்டு மெட்டில்டா ஆன்ட்டிதான், "ஜீவிதா, நீ போய் அது என்னன்னு கிட்டப் பாத்துட்டு வா. நான் இவளைப் பிடிச்சுக்கறேன்" என்றார்.

ஓடினேன். ரேஷன் கடைச் சுவரில் மூன்று வரிசையாக ஒட்டியிருந்தார்கள். பசை காயவில்லை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் மாமா, பேட்டை உயர்த்திப் பிடித்தபடி. மேலே கொட்டை எழுத்தில் 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'ராஜாஸ் லெவன் தசரதன்'. அதற்கும் கீழே, மூக்கு உரசும் தூரத்தில் நின்றால்தான் தெரிகிற எழுத்தில்: 'தோற்றம்: 2003. மறைவு: ஞாயிறு, கடைசி ஓவர். அன்னாரது பேட் ஏரிக்கரையில் நல்லடக்கம் செய்யப்படும். இப்படிக்கு, சிங்கிள் கிடைக்காத ரசிகர்கள்.'

2003 மாமா டீமில் சேர்ந்த வருஷம். அஞ்சலி போஸ்டரை யாரும் கிட்டே போய்ப் படிப்பதில்லை. முகத்தைப் பார்ப்போம், தெரிந்தவரா என்று யோசிப்போம், போய்விடுவோம். நான் நின்றுகொண்டிருந்தபோதே ஸ்கூட்டரில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்து, படத்தைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துவிட்டுப் போனார்.

ஒரு போஸ்டரை உரித்தேன். கிழிந்து கிழிந்துதான் வந்தது. அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பக்தவச்சலத்தின் மனைவி அக்காவின் தலையிலிருந்த பூவை எடுத்திருந்தார். முடியை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். அக்கா கண்ணைத் திறந்தபடியே இருந்தாள், எதையும் பார்க்கவில்லை.

நான் கிழிசல்களைத் தரையில் பொருத்தி வைத்துச் சத்தமாகப் படித்தேன்.

முதலில் யாருக்கும் புரியவில்லை. இரண்டாம் முறை படித்தேன். யாரோ ஒருவர் சிரித்தார். உடனே எல்லாரும் சிரித்தார்கள். "ஆயுசு கெட்டி சரசு, உன் வூட்டுக்காரருக்கு" என்றார்கள். "பசங்க பண்ற வேலையப் பாரேன்" என்றார்கள். நாற்காலிகளை அடுக்கினார்கள். பக்தவச்சலத்துக்கு மாலையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கோயிலுக்கும் கொடுக்கமுடியாது. மதில்மேல் வைத்துவிட்டுப் போனார்.

அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. எழுந்துபோய் மறுபடியும் தலைக்குக் குளித்தாள்.

அன்று மாலை வகுப்புக்குப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம். என் பக்கத்து சிஸ்டத்தில் உட்காருகிற பென்னி பகலில் பிரிண்டிங் கடையில் வேலை பார்க்கிறான். ராஜாஸ் லெவன் ரசிகர் குரூப்புக்கு அவன்தான் பேனர் செய்பவன். போஸ்டரின் குத்துவிளக்கு அதற்கு முந்தின வாரம் வகுப்பில் எங்களுக்கு வரையச் சொல்லிக்கொடுத்தது.

"நீதானே?" என்றேன்.

"ஆமாக்கா. ஒரு மணி நேரத்துல முடிச்சேன். சூப்பரா வந்துச்சு இல்ல?"

காலையில் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். அவன் முகம் மாறியது. கொஞ்ச நேரம் மவுஸை உருட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணிக்கு இப்படி ஆவும்னு சத்தியமா நெனைக்கலக்கா. ஆனா பெரிய பெரிய பிளேயருக்கே டிவி முன்னாடி பொம்மை கொளுத்தறாங்க. வீட்டுல கல்லு வுடறாங்க. நாங்க போஸ்டர் தானே ஒட்டுனோம். பாசம் இல்லாதவனுக்கு எவன் கைக்காசு போட்டு ஒட்டுவான்?"

"சிங்கிள் வேணாம்னு கத்துனது நீங்கதானே பென்னி? நானே கேட்டேன்."

"நாங்க ஆயிரம் கத்துவோம்கா. ஆடறவருக்கு அறிவு வேணாமா?"

என் சிஸ்டத்தை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

நான் வீடு திரும்பியபோது மாமா சாப்பிட உட்கார்ந்திருந்தார். அக்கா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். மதில்மேல் இருந்த மாலையை அவரே எடுத்துக் குப்பையில் போட்டிருந்தார். சோற்றைப் பிசைந்தார்.

"எத்தினி பேரு வந்தாங்க?" என்றார்.

அக்காவுக்குப் புரியவில்லை. "எங்க?"

"இங்க. காலைல. என்னைப் பாக்க."

"ஒரு இருபது பேர் இருப்பாங்க."

"அவ்ளோதானா?" என்றார். எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேலைக்குப் போற நேரம் இல்ல" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. இனிமே ஆடப் போவாதீங்க. தோத்ததுக்காகச் சொல்லல. பூவை எடுத்தாங்க என் தலைல இருந்து. கை வச்சு எடுத்தாங்க. நான் தடுக்கவும் இல்ல, நெஜம்னுதானே நெனச்சேன். அவங்க இன்னொரு தபா எதையாவது பண்ணுவாங்க, எனக்குத் தாங்காது."

மாமா தலையை நிமிர்த்தாமல், "சரி" என்றார்.

"சத்தியமா?"

"சரின்னு சொல்லிட்டேனே சரசு."

அந்த வாரம் முழுக்க அவர் போனில் குரூப்பைப் பார்க்கவில்லை. சனிக்கிழமை அக்காவைத் துணிக்கடைக்குக் கூட்டிப்போனார். அவர் மாறிவிட்டார் என்று நான் நினைத்தேன். நான் நினைப்பது பெரும்பாலும் தப்பாகத்தான் போகிறது.

நேற்று ஞாயிறு. காலையில் வாசலில் இரண்டு பைக் வந்து நின்றன. பென்னி, அதீப், இன்னும் இரண்டு பேர். அக்கா கேட்டைத் திறந்தாள். அவள் நகருவதற்குள் பென்னி குனிந்து அவள் காலைத் தொட்டுவிட்டான்.

"மன்னிச்சிடுங்கண்ணி. நம்ம தப்புதான். இன்னிக்கி பொத்தேரிக்காரனுங்க திரும்ப ஆடலாம்னு கூப்புடறானுங்க. அண்ணன் வந்தாதான் ஸ்பான்சர் வர்றேன்றாரு. ஜனமும் அண்ணனைத்தான் கேக்குது."

"எந்த ஜனம்?" என்றாள் அக்கா.

"எல்லாருந்தான் அண்ணி. போஸ்டர் பாத்தவங்க பூரா. 'செத்துப் பொழச்ச சிங்கம்'னு புதுப் பேனரே ரெடி பண்ணிட்டோம். அண்ணன் இப்பத்தான் செம பேமஸ்."

"அவரு வரமாட்டாரு. எனக்கு வாக்குக் குடுத்திருக்காரு. நீங்க கிளம்புங்க."

அதீப் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். மற்றவர்கள் அக்காவைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். நானும் திரும்பினேன். மாமா அறை வாசலில் நின்றார். டீம் சட்டையைப் போட்டு, ஷூ லேஸ்கூடக் கட்டியிருந்தார். இவர்கள் வருவது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"ஒரே ஒரு ஆட்டம்" என்றார் அக்காவிடம். "ஜெயிச்சிட்டு வுட்டுடறேன். தோத்துட்டு வுட்டா நல்லா இருக்காது இல்ல."

அக்கா அவரை மேலிருந்து கீழே வரை பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். வழிவிட்டு ஒதுங்கி, "போங்க" என்றாள்.

அவர் படியில் ஒரு கணம் நின்றார். அவள் இன்னும் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்ததுபோலத் தோன்றியது. அவள் உள்ளே போய்விட்டாள்.

நான்தான் கேட்டை மூடப் போனேன். தெருவில் பையன்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு விசிலடித்தார்கள். ஒருவன் அவர் கிட் பையை வாங்கிக்கொண்டான். இன்னொருவன் செல்ஃபி எடுத்தான். மாமா பென்னியின் தோளில் கைபோட்டுக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒருநாளும் நான் பார்த்திராத சிரிப்பு.