ஏழு வருஷம் மடக்கிய கால்

என் கால் இருபத்தேழு சென்டிமீட்டர். ஜப்பானில் எங்கள் நீகாத்தா பக்கத்துக் கடைகளில் பெண்களுக்கான செருப்பு இருபத்தைந்தோடு முடிந்துவிடும். அதற்கு மேல் கால் வளர்ந்தவள் ஆண்கள் பக்கம் போய், "வீட்டுக்காரருக்கு" என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். எனக்கு வீட்டுக்காரர் கிடையாது. இருந்தாலும் அந்த மனுஷருக்காக இருபது வருஷமாகச் செருப்பு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

பெயர் தொமோயே. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலை. நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவளுக்குக் குரல் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். பனிக்காலம் வந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நிஷிகுரா சரிவில் பலகையோடு இருப்பேன்.

ஸ்னோபோர்டு என்றதும் வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கிற பையன்கள் ஞாபகம் வருகிறதா? நாங்கள் அந்த ஜாதி இல்லை. நாங்கள் ஒன்பது பேர், எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. விடியுமுன் இயந்திரம் வந்து வாரிவிட்டுப் போன பனியில், பலகையை விளிம்பில் நிறுத்திச் சாய்ந்து, வளைவு வளைவாகக் கோடு கிழித்துக்கொண்டு இறங்குவோம். தோஃபுவில் கத்தி இறங்குகிற மாதிரி விளிம்பு இறங்க வேண்டும். பலகை பக்கவாட்டில் சறுக்கிப் பனியைத் தள்ளிவிட்டால் அதற்குப் பெயர் பெருக்குவது. "இன்னிக்கு நல்லாப் பெருக்குனீங்க" என்று எங்களில் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், அப்புறம் முகத்தில் விழிக்க மாட்டார். கம்பியில் தொங்குகிற லிஃப்டில் மேலே போகும்போது மற்றவர்கள் மலையைப் பார்ப்பார்கள். நாங்கள் குனிந்து எங்கள் கோட்டைப் பார்ப்போம்.

மார்ச் கடைசி ஞாயிறு எங்களுக்குப் போட்டி. வேறு யாரும் வருமுன் சரிவுக்குப் போய், ஆளுக்கு ஒரு தடவை இறங்க வேண்டும். யார் எந்தப் பக்கம் இறங்கினார் என்று மேலே காத்திருப்பவர்கள் பார்க்கக் கூடாது, கீழே நிற்பவர்களுக்குத் தெரியாது, நடுவில் ஒரு மேடு மறைத்துவிடும். பிறகு எல்லோரும் லிஃப்டில் ஏறி, யாருடையது என்று தெரியாமலே, இருப்பதில் நல்ல கோட்டைத் தேர்ந்தெடுப்போம். அதன் சொந்தக்காரர் பெயரை ஃபுஜியே அக்கா தன் விடுதிச் சாப்பாட்டு அறையில் சின்ன மரத்தகட்டில் எழுதி மாட்டுவாள். ஏழு வருஷமாக அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றிருக்கிறேன். என் பெயர் அங்கே இல்லை. சிரிக்காதீர்கள், எனக்கு அது வேண்டும். வேறு எதற்கும் நான் இப்படி ஏங்கியதில்லை.

வினை போன ஏப்ரலில் ஆரம்பித்தது. அடுத்த பருவத்துப் பலகைகளை ஏப்ரலிலேயே ஓட்டிப் பார்த்துச் சொல்லி வைக்க வேண்டும், நவம்பரில்தான் கைக்கு வரும். கடைக்காரர் உயரம் கேட்கவில்லை, எடை கேட்கவில்லை. எடுத்த எடுப்பில், "கால் எத்தனை?" என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பலகையின் அகலம் காலைப் பொறுத்தது. பலகை ஒடுக்கமாகவும் கால் நீளமாகவும் இருந்தால், சாயும்போது பூட்ஸ் மூக்கு பனியில் இடித்து ஆளைத் தூக்கி எறிந்துவிடும். ஆனால் என் பக்கத்தில் நின்றது இகாரி. ஊர் முழுக்க முடிவெட்டி, ஊர் முழுக்க வம்பு சேர்த்து வைத்திருக்கிற ஆள். அப்போதுதான் யாரையோ பார்த்து, "பெருங்கால் மடையனுக்கு, சிறுகால் மந்தனுக்கு" என்று எங்கள் பழமொழியைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இருபத்து நாலரை," என்றேன்.

வாய் என்ன வாயோ! சொன்னது சொன்னதுதான். அந்த வருஷம் எல்லோரும் ஒரே கறுப்புப் பலகையைத்தான் சொல்லியிருந்தோம். ட்ராக்டர் மெக்கானிக் கொந்தோ அண்ணன் மட்டும் அதிலேயே அகலமானதைக் கேட்டார். பள்ளிக் காலத்தில் சுமோ பிடித்த உடம்பு, கதவில் ஒருக்களித்துத்தான் நுழைவார். பூட்ஸ் இருபத்தெட்டு.

நவம்பரில் பலகை வந்தது. ஏறி நின்றேன், மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பூட்ஸிலிருந்த அளவுச் சீட்டை உரித்து எறிந்தேன். பூட்ஸைப் பலகையோடு பிணைக்கிற கட்டுகளை, முழங்கால் கத்துகிற வரை முன்பக்கமாகத் திருப்பி வைத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை என்று தெரிந்துதான் செய்தேன்.

ஜனவரியில் ஒருநாள் லிஃப்டில் போகும்போது குவாபாரா வாத்தியார் கீழே குனிந்து பார்த்தார். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கிப் பையில் எப்போதும் அளவு நாடா இருக்கும்.

"அந்தக் கோட்டுக்குப் பக்கத்துல என்னங்க அது, சின்னதா இன்னொரு கோடு?"

"நரி நடந்திருக்கும் வாத்தியாரே," என்றான் இகாரி.

"நரி இப்படியா வளைஞ்சு வளைஞ்சு நடக்கும்?"

"குடிச்ச நரி."

"நரியுமில்ல, நாயுமில்ல. அது பூட்ஸ் மூக்கு. நம்மள்ல யாருக்கோ விரல் உரசுது."

எனக்குத் திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

"கொந்தோ அண்ணனா இருக்கும். அவரு உடம்புக்கு அகலப் பலகைகூடப் பத்தாதே!"

நாலு பேர் இருக்கையின் கடைசியில் உட்கார்ந்திருந்த கொந்தோவை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த மனுஷர் மறுக்கவில்லை. முகம் சிவந்து, கொஞ்சம் சந்தோஷம்போலக்கூட இருந்தது.

"இருக்கும்," என்றார். "என் கால் அப்படி."

அதிலிருந்து இரண்டு மாதம் வாத்தியார் அவரை விடவில்லை. கட்டுகளை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று ஒவ்வொரு வாரமும் ஒரு கணக்கு. அண்ணனும் தலையாட்டிக்கொண்டே திருப்புவார், விழுவார், எழுந்து பனியைத் தட்டிக்கொள்வார். ஒருநாள் விழுந்ததில் தாடையில் இரண்டு தையல். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் மூங்கில் இலையில் கட்டிய கொழுக்கட்டை பத்து கொண்டுபோய்க் கொடுத்தேன். "எதுக்குத் தங்கச்சி இதெல்லாம்?" என்று அத்தனையையும் சாப்பிட்டார். எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

போட்டிக்கு முந்தின நாளே எல்லோரும் ஃபுஜியே அக்கா விடுதிக்கு வந்துவிட்டோம். அங்கே பாயில் உட்கார்ந்து, குட்டை மேஜையில்தான் சாப்பாடு. ஏழு வருஷமாக நான் அங்கே காலை மடக்கி, அதன்மேல் உட்கார்ந்தேதான் சாப்பிடுகிறேன். "தொமோயே அக்கா வளர்ப்பே வளர்ப்பு, ஒருநாள் காலை நீட்டிப் பார்த்ததில்ல" என்று இகாரியே சொல்வான். நீட்டினால் தெரிந்துபோகுமே, அட லூசே!

போட்டியன்று காலை ஐந்து மணிக்கு பூட்ஸ் காய வைக்கிற அறைக்குப் போனேன். அண்ணன் பலகையில் ஒருதரம் ஏறி நின்று பார்க்கத்தான். அவருடைய பூட்ஸை நகர்த்தத் தூக்கினேன். உள்ளேயிருந்து ஒரு காலுறை விழுந்தது. இன்னொன்று விழுந்தது. மூன்றாவதும் விழுந்தது. அதற்குப் பின்னால் சுருட்டிய செய்தித்தாள்.

கதவு திறந்தது. கொந்தோ அண்ணன் வெறுங்காலோடு நின்றார். அந்த மலைபோல உடம்புக்குக் கீழே, ஆறாம் வகுப்புப் பிள்ளையுடையது மாதிரி இரண்டு கால்.

"பாத்துட்டியா?" என்றார்.

"எத்தனைண்ணே?"

"இருபத்து நாலரை." குரல் உள்ளே போய்விட்டது. "சுமோல 'பொம்மைக்கால்'னுதான் கூப்பிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லிடாத தங்கச்சி. உள்ள கால் ஆடுது, பலகை திரும்பவே மாட்டேங்குது. ஆனாலும் சின்ன பூட்ஸைப் போட்டுட்டு இகாரி முன்னால எப்படி நிக்கிறது?"

நான் செருப்பைக் கழற்றி என் காலை அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் பார்த்தார்.

"அந்த நரி நீதானா!"

"நான்தான். உங்க தாடைத் தையலும் என்னாலதான். திட்டுங்க, பரவாயில்ல."

அவர் திட்டவில்லை. தொப்பை குலுங்கச் சிரித்தார். "எனக்கு விரல் நீட்டுதுன்னு நீ சொன்னப்ப எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

அங்கேயே உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டோம். அவர் என் கதையைச் சொல்லக்கூடாது, நான் அவர் கதையைச் சொல்லக்கூடாது. திருப்புளியால் கட்டுகளைக் கழற்றி, பலகை மாற்றிக்கொண்டோம். இரண்டும் ஒரே கறுப்பு, கண்டுபிடிக்க முடியாது. அவருக்கு பூட்ஸ் வாடகைக் கொட்டகையில் நான் போய் எடுத்தேன். "இருபத்து நாலரை" என்று ஜம்மென்று கேட்டேன். வெள்ளையில், முயல் படம் போட்டதுதான் இருந்தது. அண்ணன் கால்சட்டையை இழுத்து இழுத்து முயலை மூடிக்கொண்டார்.

சீட்டுக் குலுக்கியதில் எனக்கு ஐந்தாவது இடம். சரிவின் இடது ஓரத்தைப் பிடித்தேன். முதல் வளைவில் சாயும்போது, இதோ இடிக்கும், இதோ இடிக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இடிக்கவில்லை. இன்னும் சாய்ந்தேன். கையுறை பனியைத் தொட்டது, முழங்கை தொட்டது, இடுப்பும் தொட்டுவிடும் போலிருந்தது. விளிம்பு விடவே இல்லை. பயம் இல்லாமல் சாய்வது என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கீழே வந்து நின்றபோது கண்ணாடிக்குள் அழுதுகொண்டிருந்தேன். பனி பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

எல்லோரும் லிஃப்டில் ஏறினோம். பேச்சுக்கே இடமில்லை, ஒன்பது பேரும் இடது ஓரத்தைத்தான் காட்டினார்கள். நானும் காட்டினேன், வெட்கமென்ன?

"என்ன ஆழம் பாருய்யா!" என்றான் இகாரி. "வாய்க்கால் வெட்டுன மாதிரி. இதுக்குத் தொண்ணூறு கிலோ வேணும்."

வாத்தியார் மேலே இறங்கியதும் நாடாவை எடுத்துக்கொண்டு ஓடினார். முதல் வளைவுக்கு முன்னால் பலகை நேராகப் போன தடத்தை மண்டி போட்டு அளந்தார். "அகலப் பலகை! நம்மள்ல அது ஒருத்தர்கிட்டதான் இருக்கு. கொந்தோ, கையைக் குடுங்க!"

"இல்ல, அது வந்து..." என்று இழுத்தார் அண்ணன்.

"அடக்கத்தைப் பாரு! ரெண்டு மாசம் கட்டுகளைத் திருப்புனது வீண் போகல," என்று வாத்தியார் அவர் முதுகில் தட்டினார். இகாரி என் பக்கம் திரும்பினான். "நடுவுல மெல்லிசா, சுத்தமா ஒரு கோடு இருக்கே, அதானேக்கா உங்களோடது? ரெண்டாவது இடம். பொம்பளைக் கோடுன்னு பாத்ததுமே சொல்லிட்டேன்."

அது கொந்தோ அண்ணனுடைய கோடு.

மத்தியானம் விடுதியில் சுற்றி உட்கார்ந்தோம். சோறு, காளான் சூப், ஊறுகாய். ஃபுஜியே அக்கா புது மரத்தகட்டை மடியில் வைத்துக்கொண்டு மை குழைத்தாள். நான் வழக்கம்போலக் காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். அண்ணனைப் பார்த்தேன். அவர் தன் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தார், மூன்று ஜோடி. நான் வாயைத் திறந்தால் அவர் மானமும் போகும். திறக்காவிட்டால் என் கோடு வேறு பெயரில் இந்தச் சுவரில் நான் சாகும்வரை தொங்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்ன வேண்டும். தூரிகை மையில் இறங்கியது.

காலை நீட்டினேன். ஏழு வருஷத்துக் கால். மேஜைக்கு அடியில் போய் எதிர்ப்பக்கம் இகாரியின் மடியருகே வெளியே வந்தது. அவன் சூப் கிண்ணம் கொட்டியது.

"ஐயோ, என்னக்கா இது!"

"என் கால்! இருபத்தேழு!" சமையற்கட்டுக் குரல், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. "அந்தக் கோடு என்னோடது. அண்ணனோட பலகையைக் கேக்காமத் தூக்கிட்டுப் போயிட்டேன். ஜனவரியில பாத்தீங்களே நரி, அதுவும் நான்தான். பழியைத் தூக்கி அவரு தலையில போட்டேன். இப்ப சொல்லுங்க, மடையனுக்குப் பெருங்கால்னு!"

வாத்தியார் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்.

"கணக்கு உதைக்குதே. நீங்க அவரு பலகையில வந்தா, அவரு உங்க ஒடுக்கப் பலகையில வந்திருக்கணும். இருபத்தெட்டு பூட்ஸோட. ஆனா நரித்தடம் எங்கயும் இல்லையே?"

இந்த ஆளை யார் கணக்கு வாத்தியாராக்கினது! நான் பதில் தேடி விழித்தேன். "அவரு... வந்து... நடந்தே..."

"விடு தங்கச்சி," என்றார் கொந்தோ. ஒரு காலுறையைக் கழற்றினார். இன்னொன்று. இன்னொன்று. பொம்மைக்காலை எடுத்து என் காலுக்குப் பக்கத்தில் நீட்டினார். "ரெண்டாவது கோடு என்னோடது. பொம்பளைக் கோடு."

இகாரி இரண்டு காலையும் மாறி மாறிப் பார்த்தான். உதடு துடித்தது. "பெருங்கால் மடை..."

"அந்தப் பழமொழிக்கு மூணாவது அடி ஒண்ணு இருக்கு," என்றாள் ஃபுஜியே அக்கா, தூரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நடுத்தரக் கால் ஒண்ணுத்துக்கும் உதவாதவனுக்கு. உன் கால் எத்தனைடா இகாரி?"

"இருபத்தாறு," என்றான் மெதுவாக.

வாத்தியார் சிரித்துச் சிரித்து இருமினார். கொந்தோ அண்ணன் வெறுங்காலோடு எழுந்து போய் இன்னொரு கிண்ணம் சோறு போட்டுக்கொண்டு வந்தார். ஏழு வருஷத்தில் அவர் காலுறை இல்லாமல் அந்த அறையில் நடந்தது அதுதான் முதல் தடவை.

ஃபுஜியே அக்கா என் பெயரை எழுதி முடித்தாள். மை காயக் காத்திருந்து, "பேரு மட்டும் போதுமா?" என்றாள்.

"கீழ இருபத்தேழுன்னும் எழுதுங்க," என்றேன். "கொஞ்சம் பெருசாவே எழுதுங்க."